புதன்கிழமைக்கு முன்பா பின்பா

கொழிஞ்சியேந்தல்
22 ஜூலை 2024

அமுதவள்ளிக்கு, உன் பெரியய்யா தங்கசாமி சொல்ல, தபாலாபீஸ் வசந்தகுமார் எழுதுவது.

நான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்று இவனிடம் சொல்லியிருக்கிறேன். "சேத்தா ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறான். எழுதி முடித்ததும் திரும்ப வாசிக்கச் சொல்வேன். ஒரு சொல் கூடியிருந்தாலும் பிடித்துவிடுவேன். படிப்புத்தான் எனக்கு இல்லை. காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் எங்கேயும் போவதில்லை.

இன்றோடு ஐம்பத்து நான்கு நாள். உன்னை மதுரைக்குக் கொண்டுபோன மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் அய்யா என்னை வாசலிலேயே மறித்தான். "அண்ணே, நீ செஞ்சது போதும். இங்கன நிக்காத, போ" என்றான். என் தம்பி மாரீஸ்வரன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். அன்றைக்குத்தான் முதல்முறை 'நீ' வந்தது. பஸ் ஏறிவிட்டேன்.

அவன் சொன்னதில் தப்பில்லை. முதுகுளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை கபடி ஆடிவிட்டு வந்த பிள்ளை, புதன்கிழமை காலையில் என்னிடம் சுளுக்கு என்று வந்தாய். நான் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்துச் சொடுக்கினேன். அன்றைக்கு மூன்று மணிக்குக் கிணற்றடியில் வாளி உன் கையிலிருந்து விழுந்தது. வாய் கோணி, பேச்சு நின்று, நீயும் விழுந்தாய். ஊரில் கேட்கிறவர்களிடம் நான் ஒளிக்கவில்லை. என் கையால்தான் என் தம்பி மகளுக்கு இப்படி ஆனது என்று சொல்கிறேன்.

நான் கால் முந்திப் பிறந்தவன். அதற்காகவே ஆறு வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவர் முதுகில் நிற்க வைத்தார்கள். இடுப்புப் பிடித்தவன், முதுகு பிடித்தவன் எல்லாரும் வந்து குப்புறப் படுப்பார்கள். நான் இடது காலால் மூன்று தரம் மிதித்துவிட்டு விளையாடப் போவேன். கால்தான் எனக்குப் பிறப்பில் வந்தது. துண்டு போட்டுக் கழுத்தைச் சொடுக்குவது பிறகு ராமநாதபுரத்தில் ஒருவர் செய்ததைப் பார்த்து நானாகச் சேர்த்துக்கொண்டது. கையில் எனக்கு ஒரு உரிமையும் கிடையாது. அது இப்போதுதான் புரிகிறது. அதற்குப் பிறகு ஒருவரையும் நான் தொடவில்லை.

பேச்சு திரும்பிவிட்டது என்று பஸ் கண்டக்டர் சொன்னார். என் மேல் கோபமா? அதை மட்டும் எழுது. போனில் வேண்டாம். உன் அய்யா எடுப்பான்.

தங்கசாமி கைநாட்டு


மதுரை
9 ஆகஸ்ட் 2024

பெரியய்யாவுக்கு அமுதவள்ளி எழுதுவது.

இதை எழுத நான்கு நாள் ஆனது. வலது கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிற அக்கா சொல்லியிருக்கிறார். யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் பால் கணக்கு, பஸ் நேரம் என்று எதையாவது எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது நல்லதாகப் போயிற்று. அய்யா பார்க்கவில்லை. அம்மா பார்த்துவிட்டு அய்யாவிடம் சொல்லவில்லை.

பேச்சு வந்துவிட்டது, ஆனால் சில சொல் மாறி வருகிறது. போன வாரம் கரண்டி கேட்கப் போய், "அம்மா, பம்புசெட்டு" என்றேன். அம்மா இந்த வாடகை வீட்டு மாடிக்கு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தாள். நான் சிரித்தேன். சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம்தான் போகிறது.

எனக்கு என்ன ஆனது என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். டாக்டர் சொன்னதை எழுதுகிறேன். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் இருக்கிறது. எனக்கு இடது பக்கக் குழாயின் உள்சுவர் கிழிந்துவிட்டது. குழாய் வெடிக்கவில்லை. சட்டைப் பையில் உள்துணி மட்டும் கிழிந்து, போட்ட சில்லறை அதற்குள் போய் மாட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி ரத்தம் கிழிசலுக்குள் புகுந்து கட்டியாகிவிட்டது. அதில் ஒரு துணுக்கு கழன்று மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டது. இடது பக்கக் குழாய் அடைத்தால் வலது கையும் பேச்சும் போகுமாம். வயதானவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்தேன். இந்த மாதிரிக் கிழிசல் சின்ன வயதிலேயே வருமாம், ஆட்டத்தில் விழுந்தாலும் வருமாம், தும்மினாலும் கூட வருமாம்.

கோபம் இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி என் கழுத்தின் மேல் விழுந்தாளே, அவள் மேலா, உங்கள் மேலா, கிணற்றடியில் விழுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போகாத என் மேலா. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஜெயித்தது வரை ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரைதான். நடுவில் மூன்று நாள் என்னிடம் இல்லை.

ஜனவரியில் ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசித் தரம். ஆட்டத்தோடு வேலையும் அதில்தான் இருக்கிறது. நவம்பர் கடைசியில் மறுபடி ஸ்கேன். அதைப் பார்த்துத்தான் டாக்டர் ஆடலாமா இல்லையா என்று கையெழுத்துப் போடுவார். நான் ஆடுவேன். இந்த வரியை எழுதும்போது கை நடுங்கவில்லை.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

அமுதவள்ளி


கொழிஞ்சியேந்தல்
2 செப்டம்பர் 2024

அமுதவள்ளிக்கு, பெரியய்யா சொல்ல வசந்தகுமார் எழுதுவது.

உன் கடிதத்தை இவன் மூன்று தரம் வாசித்தான். முதல் தரம் பம்புசெட்டுக்குச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

யார் மேல் கோபம் என்று தெரியவில்லை என்றால் என் மேல் வைத்துக்கொள். எனக்கு அது வசதிதான். தெரியாத ஊர்ப் பிள்ளை மேல் வைத்து என்ன செய்யப்போகிறாய்? அவளும் புள்ளி எடுக்கத்தான் விழுந்தாள்.

இங்கே மழை இன்னும் இல்லை. உழுது போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். உங்கள் கொல்லையையும் நான்தான் உழ வைத்தேன். உன் அய்யாவிடம் சொல்லாதே. தானாக உழுதுகொண்டது என்று நினைக்கட்டும்.

நான் மிதிப்பதில்லை என்று சொன்னால் ஆள்கள் நம்புவதில்லை. போன வெள்ளிக்கிழமை நயினார்கோவிலிலிருந்து ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "மிதிக்கிறதில்லப்பா, ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். "ஏன் பெரியவரே, காலு தேஞ்சு போச்சா?" என்றார். "காலு இருக்கு. மனசுதான் வரல." "மனச வீட்டுல வச்சிட்டு வாங்க, காலு மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டார். எழுந்திருக்கவே இல்லை. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். எங்கள் வெடைக்கோழி அவர் முதுகில் ஏறி நான்கு எட்டு நடந்து இறங்கிப் போனது. ஆள் எழுந்தார், இடுப்பை ஆட்டிப் பார்த்தார், "தேவல பெரியவரே" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அறுபத்தேழு வருஷமாக நான் செய்ததும் இதுதானோ என்று அன்று முழுக்க யோசனை. அந்தக் கோழி காலோடு நிறுத்திக்கொண்டது. துண்டை எடுக்கவில்லை.

கையை விடாமல் எழுது. எழுத ஒன்றும் இல்லாவிட்டால் எனக்குப் பஸ் நேரத்தையே எழுதி அனுப்பு. இவன் வாசிப்பான்.

தங்கசாமி கைநாட்டு


மதுரை
4 அக்டோபர் 2024

பெரியய்யாவுக்கு,

கோழிக் கதையை அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்ததை அய்யா கேட்டுவிட்டு "என்ன?" என்றார். யாரோ சொன்ன கதை என்றேன்.

இது வேறு விஷயம். நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் வேறு ஆள் இருந்தால் போன பிறகு வாசிக்கட்டும்.

போன வாரம் டாக்டரைப் பார்த்தேன். இப்போது ஓடுகிறேன். மெதுவாகத்தான். கை நூற்றுக்கு எண்பது பங்கு வந்துவிட்டது. ஜனவரியைப் பற்றிக் கேட்டேன். உடனே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஸ்கேன் மட்டும் போதாது, எப்படி ஆரம்பித்தது என்பதும் தெரிய வேண்டும் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நல்லா இருந்த கழுத்த ஒருத்தர் முரட்டுத்தனமா திருகினதுல கிழிஞ்சிருந்தா, அது ஒரு விபத்து. அத மறுபடி செய்யாம இருந்தாப் போதும்னு யோசிக்கலாம். ஆனா ஆட்டத்துல சாதாரணமா விழுந்ததுலயே கிழிஞ்சிருந்தா, மறுபடியும் அதே ஆட்டத்துக்கு ஒன்ன அனுப்ப எனக்குப் பயமா இருக்கும்மா. வலி எப்ப ஆரம்பிச்சது? புதன்கிழமைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எனக்குத் தெரியாது என்றேன். எனக்குத் தெரியாது என்பது நிஜம். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். அய்யா, "எங்கண்ணன் திருகுறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தா" என்றுதான் சொல்கிறார் என்றேன். அந்த மூன்று நாளில் நான் வேறு யாரிடமாவது வலியைப் பற்றிச் சொன்னேனா என்று டாக்டர் கேட்டார். உங்களிடம்தான் வந்திருக்கிறேன், அதைச் சொன்னேன். "அவரு என்ன சொல்றாருன்னு எழுதி வாங்கிட்டு வா" என்றார்.

பெரியய்யா, ஒரே ஒரு வரி போதும். கழுத்து நன்றாகத்தான் இருந்தது, உடம்பு அசதி என்று வந்தாள், நான் துண்டு போட்டுத் திருகினேன், அதற்குப் பிறகுதான் எல்லாம். இவ்வளவுதான். சுளுக்கு என்ற ஒரு சொல்லைத் தவிர, நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியதைத்தான் கேட்கிறேன். ஊரே அதைத்தான் சொல்கிறது, அய்யாவும் அதைத்தான் சொல்கிறார், நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

உங்களுக்குப் பழி வரும் என்று யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன். அது ஏற்கெனவே வந்துவிட்டது, இனிமேல் புதிதாக வரப்போவதில்லை. எனக்கு ஜனவரி இன்னும் வரவில்லை.

அமுதவள்ளி


கொழிஞ்சியேந்தல்
23 அக்டோபர் 2024

அமுதவள்ளிக்கு, பெரியய்யா சொல்வது.

வசந்தகுமார் தபாலாபீஸ் கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறான். அவன் வாயிலிருந்து ஒன்றும் போகாது.

நீ கேட்ட வரியைச் சொல்லத்தான் பத்து நாளைக்கு முன்னால் இங்கே வந்து உட்கார்ந்தேன். இவன் பேனாவை எடுத்தான். கழுத்து நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தால், அந்தப் புதன்கிழமை காலை முழுசாக வந்து எதிரில் நிற்கிறது. எழுந்து போய்விட்டேன்.

நீ ஆறரை மணிக்கு வந்தாய். பச்சைச் சுடிதார், தலை பின்னவில்லை. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். "பெரியய்யா, ஞாயித்துக்கிழம ராத்திரியிலருந்து இந்தப் பக்கம் வலிக்குது. கழுத்துலருந்து கண்ணுக்குப் பின்னாடி வரைக்கும் ஏறுது. இப்படி ஒரு வலி வந்ததே இல்ல" என்று சொன்னாய். கையை வைத்துக் காட்டினாய். இடது பக்கம். நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். உன் இடது கண் இமை பாதி இறங்கிக் கிடந்தது. வலது கண் முழுசாகத் திறந்திருந்தது. "என்னத்தா, ஒத்தக் கண்ணுல தூங்கிட்டு வந்திருக்க?" என்று கேலி செய்தேன். "நேத்துலருந்து அப்படித்தான் கெடக்கு, தூசி விழுந்திருக்கும். நீங்க மொதல்ல கழுத்தப் பாருங்க" என்றாய். பார்த்தேன். துண்டை எடுத்தேன்.

இதை நான் மறைக்கவில்லை தாயி. இது ஒரு விஷயம் என்றே எனக்குத் தெரியாது. ஊர் கேட்டதெல்லாம் யார் திருகியது என்றுதான். கண் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு நயினார்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஷாகிர் என்று ஒரு சின்ன வயது டாக்டர் இருக்கிறார். வரிசையில் என் முறை வந்ததும் எனக்கு என்ன வலி என்று கேட்டார். எனக்கு இல்லை, தம்பி மகளுக்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டவர், கண் விஷயம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"எந்தக் கண்ணு?"

"இடது."

"கிழிஞ்சது எந்தப் பக்கக் குழாய்?"

"அதுவும் இடதுதான்."

"நீங்க தொடுறதுக்கு முன்னாடியே எம இறங்கியிருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா."

"யோசிக்க வேண்டியதில்ல. நான் இன்னும் துண்ட எடுக்கவே இல்ல, மாட்டுத் தண்ணி வாளி கையில இருக்கு."

அந்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு இமைக்கு ஒரு நரம்பு போகிறதாம். குழாய் கிழிந்து வீங்கினால் அந்த நரம்பு நசுங்கி இமை இறங்குமாம். வலியும் கண்ணும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாம். "ஞாயிற்றுக்கிழமையே கிழிஞ்சிருக்கு போலயே அய்யா. ஆனா கிழிஞ்ச இடத்த நீங்க திருகியிருக்கக் கூடாது" என்றார்.

எனக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பஸ்ஸில் வரும்போது உன் ஜனவரிதான் கண்ணில் நின்றது.

நீ கேட்ட வரியை நான் தர மாட்டேன். பழியைத் தூக்கச் சொன்னால் சாகும்வரை தூக்குவேன், அது எனக்குக் கனமே இல்லை. ஆனால் அந்த வரியை நம்பி ஒரு டாக்டர் உன்னைக் களத்தில் இறக்குவார். ஏழு பேர் உன் மேல் விழுவார்கள். மறுபடி கழுத்து வலிக்கிறது என்று நீ எழுந்து நின்றால், அன்றைக்கு யார் உன் கண்ணைப் பார்ப்பார்கள்?

மேலே சொன்னதைத் தனித் தாளிலும் எழுதச் சொல்லி, கைநாட்டு வைத்து இதோடு வைத்திருக்கிறேன். டாக்டருக்கு நான் அனுப்பவில்லை. உன்னிடம்தான் அனுப்புகிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உன் பாடு.

தங்கசாமி கைநாட்டு


மதுரை
31 அக்டோபர் 2024

பெரியய்யாவுக்கு,

இன்று தீபாவளி. பட்டாசுச் சத்தத்தில் தலை வலிக்கிறது.

நல்ல ஞாபகம் உங்களுக்கு. ஐந்து மாதம் கழித்துத் தண்ணீர் வாளி வரைக்கும் ஞாபகம் வருகிறது. இப்போது உங்கள் மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டது, இல்லையா? கைநாட்டு வைத்த தாளோடு. சௌகரியம்தான்.

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் அனுப்பியது என் ஆட்டத்துக்குக் கருமாதிப் பத்திரிகை.

இனி எழுத வேண்டாம். என் கை நன்றாகிவிட்டது. பயிற்சி தேவையில்லை.

அமுதவள்ளி


கொழிஞ்சியேந்தல்
11 நவம்பர் 2024

அமுதவள்ளிக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். வாசிக்காமல் போட்டாலும் சரி.

சௌகரியம் என்று எழுதியிருந்தாய். வசந்தகுமார் அந்தச் சொல்லை விட்டுவிட்டு வாசிக்கப் பார்த்தான். முழுங்காமல் வாசி என்றேன். நீ சொன்னது சரி. உண்மை எனக்குச் சாதகமாக விழுந்திருக்கிறது. அதை நானும் கவனித்தேன். அதனால்தான் பத்து நாள் தாமதித்தேன்.

அதற்கு என்னால் ஆனது ஒன்று செய்திருக்கிறேன். ஊரில் ஒருவரிடமும் கண் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நேற்று முன்தினம் டீக்கடையில் ஒருவர், "தம்பி மக ஆட்டத்தக் கெடுத்த மனுசன் இவருதான்" என்று வெளியூர்க்காரருக்கு என்னைக் காட்டினார். "ஆமா, நான்தான்" என்றேன். உன் அய்யாவுக்கும் அப்படியே இருக்கட்டும். நிஜம் தெரிய வேண்டியது ஒரே ஒரு ஆளுக்குத்தான், கையெழுத்துப் போடப் போகிறவருக்கு.

இன்னொன்று. என் மேல் தப்பில்லை என்று அந்தத் தாளில் எங்கேயும் எழுதவில்லை, திரும்ப வாசித்துப் பார். கிழிந்த இடத்தை நான் இழுத்தேன். அது கிழிந்திருந்தது என்று தெரியாமல் இழுத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மழை வந்துவிட்டது. மிளகாய் நாற்று நட்டாகிவிட்டது.

தங்கசாமி கைநாட்டு


மதுரை
14 டிசம்பர் 2024

பெரியய்யாவுக்கு,

உங்கள் தாளை ஒரு மாதத்துக்கு மேல் என் ஸ்கேன் கவருக்குள் வைத்திருந்தேன். கிழிக்க இரண்டு தரம் எடுத்தேன். ஒரு தரம் பாதி மடித்துக் கிழிக்க ஆரம்பித்து, ஓரம் மட்டும் போயிற்று. கைநாட்டுப் பக்கம் இல்லை, மேல் ஓரம்.

நவம்பர் 28 ஸ்கேன் எடுத்தேன். டிசம்பர் 3 டாக்டரிடம் போனேன். அய்யாவும் கூட வந்தார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், குழாய் நன்றாகத் திறந்திருக்கிறது, கிழிந்த இடத்தில் மட்டும் சின்னப் புடைப்பு நிற்கிறது என்று. பிறகு கேட்டார், "ஒங்க பெரியப்பாகிட்ட எழுதி வாங்கினியா?"

அய்யா என்னைப் பார்த்தார். அவருக்கு நான் உங்களுக்கு எழுதுவதே தெரியாது. இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அய்யாவே ஒரு தரம் அடித்துச் சொல்லியிருப்பார், டாக்டரும் அதை எழுதிக்கொண்டிருப்பார். என் பை மடியில் இருந்தது. உங்கள் கடைசிக் கடிதத்தில் டீக்கடையில் "ஆமா, நான்தான்" என்றீர்களே, அதுதான் வந்து வந்து போனது. ஊருக்கெல்லாம் பொய் சொல்கிற ஆள் எனக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்? பதில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டேதான் ஒரு மாதம் உங்களைத் திட்டினேன்.

தாளை எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் ஒரு தரம் வாசித்து, திரும்ப முதலில் இருந்து வாசித்தார். "இவரு என்ன வேலை பாக்குறாரு?" என்றார். "விவசாயம். எழுதப் படிக்கத் தெரியாது." "எம பத்தி எழுதச் சொன்னது யாரு?" "யாரும் சொல்லல. அவரு அன்னைக்கே பாத்திருக்காரு." தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ஓடலாம், நீஞ்சலாம். கபடி வேண்டாம்மா. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாப்போம், ஆனா சரின்னு சொல்வேன்னு நெனச்சுக்கிட்டு வராத" என்றார். துண்டு போட்டு இழுத்ததில்தான் கட்டி கழன்றதா என்று நானே கேட்டேன். "இருக்கலாம். அது இல்லாமலும் கழன்றிருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார். உங்களுக்காகத்தான் கேட்டேன்.

ஆட்டோவில் வரும்போது அய்யா அந்தத் தாளைக் கேட்டார். வாசித்தார். மடித்தார். திரும்பவும் பிரித்தார்.

"செவ்வாக்கிழமையே எம எறங்கிருச்சா?"

"அப்படித்தான் நான் சொல்லியிருக்கேன்."

"செவ்வாக்கிழம ராத்திரி எதிர்லதான் ஒக்காந்து சாப்பிட்ட. கொழம்புல உப்பு இல்லன்னு ஒங்கம்மாகிட்ட சண்ட போட்டேன். ஒன் மொகத்த நான் பாக்கவே இல்ல" என்றார். வீடு வருகிற வரை அதைத்தான் நான்கு தரம் சொன்னார்.

ரயில்வே விண்ணப்பத்தை நான் அனுப்பவில்லை. ஜனவரி 8 தேர்வு. அன்றைக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. கூட ஆடிய பிள்ளைகள் மூன்று பேர் போகிறார்கள். நன்றாக ஆடுங்கள் என்று மெசேஜ் போட்டுவிட்டுப் போனை அணைத்துவிட்டேன்.

தீபாவளிக்கு எழுதியதை நான் திரும்ப வாங்கவில்லை. அப்போது அப்படித்தான் இருந்தது. இப்போதும் சில நாள் அப்படித்தான் இருக்கிறது.

அமுதவள்ளி


கொழிஞ்சியேந்தல்
27 டிசம்பர் 2024

அமுதவள்ளிக்கு, பெரியய்யா சொல்ல வசந்தகுமார் எழுதுவது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் அய்யா வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ். நேராகக் கொல்லைக்குப் போனான். நான் போனபோது மிளகாய்க்குள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்துப் பாத்தியில் குனிந்தேன். இரண்டு பேரும் மத்தியானம் வரை நிமிரவில்லை.

கஞ்சி குடிக்கும்போதுதான் வாய் திறந்தான்.

"ஆறு மாசமா ஊரு பூராம் ஒங்களப் பேசுச்சே. நயினார்கோவில் டாக்டரப் பாத்த பொறகாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையேப்பா."

"நான் எப்படிக் கேப்பேன்? வாசல்லயே வெரட்டிட்டேன்ல."

"வெரட்டினதுக்கு என்ன, பஸ்சு இருந்துச்சு, வந்துட்டேன்."

அதற்குச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை, சொம்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். 'நீங்க' திரும்பி வந்துவிட்டது, அதைக் கவனித்தேன். போகும்போது டீக்கடையில் நின்று, இருந்தவர்களிடமெல்லாம் கண் விஷயத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினானாம். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். என் பேச்சை அவன் எப்போது கேட்டான்?

நீ தாளைக் கொடுத்ததற்கு நான் சந்தோஷப்படுகிறேன் என்று எழுத வரவில்லை. நீ பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போவதை நான் தேவிபட்டினத்தில் ஒரு தரம், முதுகுளத்தூரில் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் எத்தனை பேரைத் தொட்டுவிட்டு வந்தாய் என்று இப்போதும் என்னால் பெயரோடு சொல்ல முடியும். அது இனி இல்லை. உனக்கு என்ன சொல்ல?

ஜனவரி 8ஆம் தேதி புதன்கிழமை என்று வசந்தகுமார் பார்த்துச் சொன்னான். அன்றைக்கு அந்த மதுரை அறையில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்காதே. முதல் பஸ்ஸைப் பிடித்து இங்கே வா. ஆறுதல் சொல்ல மாட்டேன், பயப்படாதே. தீபாவளிக்கு எழுதியதில் மிச்சம் இருந்தால் அதை நேரில் சொல். வந்தால் என் வலது பக்கம் உட்கார். இடது காது எனக்கு இரண்டு வருஷமாக மந்தம். நீ திட்டுவதில் ஒரு சொல்லும் எனக்குக் கேட்காமல் போகக் கூடாது.

தங்கசாமி கைநாட்டு